கிணற்றில் மேய்ந்த உருண்டை

1965-ஆம் வருடம் சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அரிமளத்துக்குத் தெற்கே நாலு மைலில் இருக்கும் நெடுவயல்குடியில், செவந்தியின் கிணற்றுக்குள் வானத்திலிருந்து ஓர் உருண்டை விழுந்தது.

செவந்தி அப்போது மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தாள். முக்கால் ஏக்கர் மிளகாய். ஆறு நாளைக்கு ஒரு தண்ணீர். பாதிக் கொல்லை நனைந்து, மீதிப் பாதி தன் முறைக்குக் காத்திருந்த நேரம். மேலே என்னவோ சீறியது. மாடுகள் வடத்தோடு மிரண்டு ஓடின. கிணற்றுத் தண்ணீரில் பாதி மேலே எழும்பி அவள் தலையில் கொட்டியது. எட்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த இடுப்பளவு தண்ணீரில், கல்யாணச் சோறு வடிக்கும் அண்டா பருமனில், சாம்பல் நிற உலோக உருண்டை ஒன்று ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது.

"எவன்டா அவன்?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சட்டப்படி அதுதான் சரியான கேள்வி. பெரிய படிப்புப் படித்தவர்கள் பின்னால் கோப்புக் கோப்பாகக் கேட்டதும் அதையேதான். அவர்கள் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள்.

மறுநாள் திருமயத்திலிருந்து தாசில்தார் ரெங்கசாமி ஜீப்பில் வந்தார். கிணற்றை மூன்று முறை வலம் வந்தார். ஒரு சோடா பாட்டிலில் தண்ணீர் எடுத்து, அரக்கு வைத்து, விஷம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க மெட்ராசுக்கு அனுப்பினார். அந்தப் பாட்டில் எந்த மேசையில் இருக்கிறது என்பது இன்றுவரை தெரியாது. பிறகு ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து உத்தரவு எழுதினார்: மேற்படி பொருளையும், பொருள் கிடக்கும் இடத்தையும், மறு உத்தரவு வரும் வரை எவரும் தொடக் கூடாது, தலையாரி ராக்கன் இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டியது.

"அய்யா, பாதிக் கொல்லை காயுதுங்க" என்றாள் செவந்தி. "அதை அங்கிட்டு எடுத்துப் போட்டுட்டுப் பேசுங்களேன்."

"இது அந்நிய நாட்டுச் சொத்தும்மா. நான் கை வச்சேன்னா, நாளைக்கு ஏன் வச்சேன்னு டெல்லி கேக்கும். பொறுப்பு என் தலையில வந்து விடியும்."

"உங்க தலையிலயா? அது என் தலையிலல்ல விழ இருந்துச்சு."

"விழலைல்ல?" என்றார் தாசில்தார். இந்த விஷயத்தில் அரசாங்கம் அவளுக்குச் செய்த ஒரே சகாயம் அதுதான் என்பதைப்போல ஜீப்பில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை பாரிஸ்டர் வயிரவன் வந்தார். பக்கத்து ஊர்ச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. சீமையில் சட்டம் படித்து, அண்டவெளிச் சட்டம் என்று ஒன்று உருவாகிக்கொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு, பதினோரு வருடமாக அதைப் பற்றிக் கட்டுரை எழுதிவருபவர். அந்தக் கட்டுரைகளை யாரும் படித்ததில்லை. வானத்திலிருந்து ஏதாவது ஒன்று எங்கேயாவது விழாதா என்று அவர் காத்திருந்தது உண்மை. சொந்தத் தாலுகாவிலேயே விழுந்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குடை பிடிக்க ஒரு ஆளோடு வரப்பில் நின்று, வேடிக்கை பார்க்க வந்த இருநூறு பேருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஒரு நாட்டின் தலைக்கு மேலே உள்ள ஆகாயம் அந்த நாட்டுக்குச் சொந்தம். அதற்கும் மேலே அண்டவெளி. அது யாருக்கும் சொந்தமில்லை. ஆகாயம் எங்கே முடிகிறது, அண்டவெளி எங்கே தொடங்குகிறது என்பதில் உலக நாடுகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை."

"வரப்பு போடலீங்களா?" என்று கேட்டாள் செவந்தி.

"போடவில்லையம்மா. அதுதான் சிக்கலே."

"பங்காளிங்க ரொம்ப பேருங்களோ?"

கூட்டம் சிரித்தது. பாரிஸ்டர் சிரிக்கவில்லை, அது ஆழமான கேள்வி என்று குறித்துக்கொண்டார். "ஆனால் ஒன்று. மேலே அனுப்பிய நாடே, அது கீழே செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு என்று ஐக்கிய நாடுகள் சபை பிரகடனமே செய்திருக்கிறது!"

"பிரகடனம்னா என்னங்க?"

"எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டது."

"அப்ப வந்து தூக்கிருவாங்கன்னு சொல்லுங்க."

"கட்டாயமில்லை. இனிமேல்தான் ஒப்பந்தம் எழுதவேண்டும். அதற்கு ஒரு குழு இருக்கிறது. குழுவுக்குள் இரண்டு உபகுழு இருக்கிறது."

"எப்ப எழுதி முடிப்பாங்க?"

பாரிஸ்டர் வானத்தைப் பார்த்தார். "ஐந்தாறு வருடத்தில் ஒரு வடிவம் கிடைக்கலாம்."

"மொளகாச் செடி அஞ்சாறு நாள்தாங்க தாங்கும்" என்றாள் செவந்தி.

பாரிஸ்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது யாரோ செவந்தியின் ஆட்டுக்கொட்டில் படலைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பலன் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செவந்தி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். நனையாத பாதியில் செடிகள் தலை தொங்கிவிட்டன. பூ எல்லாம் கீழே கிடந்தது. கணவன் செத்த நாலு வருடத்தில் அவள் தனியாகப் போட்ட மூன்றாவது மிளகாய் இது. முதல் இரண்டும் மழையோடு போனவை. இது போனால் அடுத்த வருடம் இந்தக் கொல்லையில் வேறு யாரோ நட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். கிணற்றுக்குள்ளே ஊற்று ஊறி, தண்ணீர் பழையபடி மார்பளவுக்கு வந்திருந்தது. மெட்ராஸ் பரிசோதனையைப் பற்றித் தகவல் கிடைக்காத இரண்டு தவளைகள் உருண்டையின் மேலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து மலையாண்டி வரப்போடு வந்தார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் செவந்தியின் வெள்ளாடு.

மலையாண்டி பஞ்சாயத்துப் பவுண்டிக்காரர். பயிரில் மேய்ந்த ஆடு மாடுகளைப் பிடித்து அடைக்கிற மண்சுவர்த் தொழுவத்துக்குப் பவுண்டி என்று பெயர். அதற்குள் போன உருப்படியை வெளியே கொண்டுவர, உடமைக்காரன் நேரில் வந்து, என்னுடையதுதான் என்று புத்தகத்தில் கையெழுத்து வைத்து, அபராதமும் தீனிச் செலவும் கட்டவேண்டும். பதினாறு வருட சர்வீசில் மலையாண்டி யாருக்கும் தள்ளுபடி செய்ததில்லை. மாமனாரின் எருமையையே இரண்டு தடவை அடைத்தவர். அதற்குப்பிறகு அந்த வீட்டில் அவர் கை நனைத்ததும் இல்லை.

"நம்ம அடைக்கலம் கொல்லைக் கடலையில மேஞ்சுச்சு" என்றார் மலையாண்டி. "அவரு பிடிச்சுக் குடுத்தாரு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எத்தனை வாய் வச்சுச்சு?"

"வாயை எண்ணச் சொல்லி ரூல்ல இல்லை."

செவந்தி எழுந்தாள். நாலு நாளாகத் தாசில்தாரிடமும் பாரிஸ்டரிடமும் சொல்ல முடியாமல் அடக்கிவைத்ததெல்லாம் மலையாண்டி மேல் இறங்கியது.

"ஏண்ணே, எங்க ஆடு எவன் கொல்லையிலயோ ஒரு வாய் வச்சா கயித்தோட ஓடியாறீகளே! இந்தா, எவனோ அவுத்து விட்டது எங்க கெணத்துல விழுந்து முக்கால் ஏக்கர மேஞ்சிக்கிட்டுக் கெடக்கு. இதைப் பிடிச்சு அடைக்க ஒங்களுக்குக் கையி வல்லியா? வெள்ளைக்காரன் மாடுன்னா பயமா?"

காவலுக்கு இருந்த ராக்கன் சிரித்தார். மலையாண்டி சிரிக்கவில்லை. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பதினாறு வருடத்தில் அவரை யாரும் பயந்தவர் என்று சொன்னதில்லை.

"அத்துமீறி நொழஞ்சிருக்கு" என்றார்.

"ஆமா."

"பயிருக்குச் சேதம்."

"கண்ணு இருந்தா பாருங்க."

"கூட மேய்க்கிறவன் யாரும் இல்லை."

"மேல போயிக் கேக்கணும்."

மலையாண்டி இடுப்பிலிருந்து, நூல் பிரிந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். 1871-ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம், தமிழில்.

"யோவ், அது ஆடுமாட்டுச் சட்டம்யா" என்றார் ராக்கன். "இது குண்டு."

"இதுல யானை போட்டிருக்கு. ஒட்டகம் போட்டிருக்கு. நம்ம ஊருக்கு ஒட்டகம் எப்ப வந்துச்சு? வராததும் வரும்னு நெனச்சுத்தான் எழுதியிருக்கான்."

"ஒட்டகத்துக்கு உசிரு இருக்குல்ல?"

"அம்பத்தேழுல, சந்தை மேட்டுல நின்ன வண்டி, மாடு பூட்டாம தானா உருண்டு கடலைக் கொல்லைக்குள்ள போச்சே, ஞாபகம் இருக்கா? அதைப் பவுண்டியிலதான் அடைச்சேன். ஆடிட்டுல பாத்துத் தாலுகா ஆபீசே சரின்னு ரைட்டுப் போட்டுச்சு. வண்டிக்கு உசிரு இருந்துச்சா?"

ராக்கன் மறுபடி கிணற்றுக்குள் எட்டி உருண்டையைப் பார்த்தார்.

"ஆனா ஒன்னு" என்று மலையாண்டி செவந்தி பக்கம் திரும்பினார். "நான் வந்து பிடிக்க முடியாது. கொல்லைக்காரிதான் பிடிக்கணும். பிடிச்சு இருபத்திநாலு மணி நேரத்துல பவுண்டியில சேக்கணும். பிடிக்கிறியா?"

செவந்தி ஏற்கெனவே மாட்டைப் பூட்டப் போய்விட்டாள்.

ராக்கன் தடியை நீட்டித் தடுத்தார். தாசில்தார் உத்தரவு அவர் சட்டைப்பையில் இருந்தது. மலையாண்டி புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்தார்: அத்துமீறிய உருப்படியைப் பிடிப்பதைத் தடுக்கிறவனுக்கு ஆறு மாதம் ஜெயில் அல்லது ஐநூறு ரூபாய் அபராதம். ராக்கன் தன் சம்பளத்தோடு ஐநூறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தடியைக் கீழே வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உருண்டைக்குக் கயிறு கட்டக் கிணற்றில் இறங்கினார். தவளைகள் ஒதுங்கி வழி விட்டன.

கமலை மாடுகள் ஒரே இழுப்பில் அதை மேலே கொண்டுவந்தன. இரண்டு மூட்டை நெல் கனம்கூட இல்லை. மாட்டு வண்டியில் ஏற்றி, பின்னால் ஆட்டையும் கட்டி, மலையாண்டி பவுண்டிக்குப் போனார். பத்தடி நடந்த ராக்கன் நின்றார்.

"நான் எங்கிட்டு நிக்கணும் இப்ப?"

மலையாண்டி உத்தரவை வாங்கிப் படித்தார். "பொருள் கிடக்கும் இடம்னு போட்டிருக்கு. பொருள் இனிமே பவுண்டியில கெடக்கும். வாங்க, அங்க வேப்பமரம் இருக்கு."

ராக்கன் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் செவந்தி மீதிப் பாதிக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டாள்.

பவுண்டிப் புத்தகத்தில் மலையாண்டி பதிந்தது இது. உருப்படி: உருண்டை ஒன்று. நிறம்: சாம்பல், ஒரு பக்கம் கருகல். கொம்பு: இல்லை. சூட்டுக்குறி: உண்டு, அந்நிய எழுத்து. ஆணா பெண்ணா: பார்த்துச் சொல்வதற்கில்லை. தீனி: வைக்கோல் வைத்தது, தின்னவில்லை.

செவ்வாய்க்கிழமை தாசில்தார் வந்தார்; பாரிஸ்டரும் கூட வந்தார். தாசில்தாரின் முகம் அவர் கிணற்றங்கரையில் பாட்டிலுக்கு வைத்த அரக்கின் நிறத்தில் இருந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தே? இப்பவே கொண்டுபோயி இருந்த எடத்துல, கெணத்துக்குள்ளயே போடு!"

ஆட்டுக்குத் தீவனம் கொண்டுவந்திருந்த செவந்தி பவுண்டி வாசலில் நின்று இதைக் கேட்டாள். புல்கட்டு கையிலிருந்து நழுவியது. அடுத்த தண்ணீருக்கு இன்னும் நாலு நாள்.

"போட்டுரலாங்கய்யா" என்றார் மலையாண்டி. புத்தகத்தைத் திறந்து, பேனாவை மைப்புட்டியில் முக்கி நீட்டினார். "வெளிய விடணும்னா உடமைக்காரரு கையெழுத்து வேணும். இந்தக் கட்டத்துல அய்யா ஒரு கையெழுத்து வச்சிருங்க."

தாசில்தார் பேனாவை வாங்கிவிட்டார். அதிகாரிகளுக்கு நீட்டிய பேனாவை வாங்குவது ஒரு பழக்கம்.

"ரெங்கசாமி!" என்று கத்தினார் பாரிஸ்டர். "கையெழுத்துப் போட்டால் இந்த உருண்டை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்! பிரகடனத்தின்படி, இது வருகிற வழியில் செய்த சேதம், இதனுடைய மற்ற துண்டுகள் வேறெங்காவது விழுந்து செய்த சேதம், எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பு!"

தாசில்தார் பேனாவைச் சூடுபட்டவர்போலக் கீழே போட்டார். போட்டதில் வைக்கோல் மேல் மை தெறித்தது. அதை ஆடு தின்றது.

"அப்ப கிணத்தையாவது மூடறேன்" என்றார்.

"உத்தரவு பொருள் கெடக்குற எடத்துக்குத்தானுங்களே" என்றார் ராக்கன் வேப்ப நிழலிலிருந்து. தன் வாழ்நாளில் ஓர் உத்தரவை அவர் இவ்வளவு மதித்ததில்லை. தாசில்தார் உத்தரவைத் திருத்தலாம் என்று பார்த்தார். ஆனால் அதன் நகல் கலெக்டர் ஆபீசுக்கும் டெல்லிக்கும் போயிருந்தது. போன நகலைத் திருத்த டிவிஷன் ஆபீசர் சம்மதம் வேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ப் பதினேழு வருடம் ஆகியும் மூன்று வாரம் என்பது மட்டும் மாறவில்லை.

செவந்தி புல்கட்டை எடுத்து உள்ளே வீசினாள். "ஏண்ணே, ஆட்டை விடுங்க. என்னாலதான ஒங்களுக்கு இம்புட்டுப் பேரு."

"கையெழுத்து வச்சு, அபராதம் கட்டி, ஓட்டிக்கிட்டுப் போ."

"கட்ட மாட்டேன். படலைத் தெறந்து போட்டது ஊரு. ஊருக்கிட்ட வாங்கிக்கங்க."

"பதினஞ்சாம் நாளு ஏலம்" என்றார் மலையாண்டி. "ஆட்டுக்கும் சரி, அதுக்கும் சரி."

அந்தக் காலத்தில் வானத்துக்குப் பொருள் அனுப்பிக்கொண்டிருந்தவை இரண்டு பெரிய நாடுகள். டெல்லி இரண்டுக்கும் தந்தியடித்தது. முதல் நாடு, தன் உருண்டைகள் எல்லாம் மேலே நல்லபடியாக இருப்பதாகப் பதில் போட்டது. இரண்டாம் நாடு, தன் உருண்டைகள் கீழே விழும்படி செய்யப்படுவதில்லை என்று பதில் போட்டது. உருண்டையின் மேலிருந்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பியபோது, அந்த எழுத்து யாருடையதோ அந்த நாடு, அது போலி என்றது. மற்ற நாடு, உண்மையானது என்று மனமார உறுதி கூறியது. பாரிஸ்டர் இரண்டு பதில்களையும் வைத்து எண்பது பக்கம் எழுதினார்.

ஏழு நாளில் யாரும் உரிமை கொண்டாடி வரவில்லை. சட்டப்படி மலையாண்டி தண்டோராப் போடச் சொன்னார். அரிமளம் சந்தையில் பறை முழங்கியது: "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், நெடுவயல்குடிப் பவுண்டியில் வெள்ளாடு ஒன்று, காது மடிந்தது, உருண்டை ஒன்று, கொம்பில்லாதது, உடமைக்காரர்கள் ஏழு நாளுக்குள் வந்து ஓட்டிப் போகாவிட்டால் ஏலத்தில் விடப்படும்!"

ஓட்டிப் போக யாரும் வரவில்லை. செவந்தியும்தான் வரவில்லை. அவள் இரண்டு தண்ணீர் பாய்ச்சியிருந்தாள். தொங்கிய செடிகளில் முக்கால்வாசி நிமிர்ந்து மறுபடி பூ எடுத்திருந்தன. முதலில் நனைந்திருந்த பாதியில் காய் சிவந்துவிட்டது.

ஏலத்தன்று பவுண்டிக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். இரும்புக் கடைக்காரர்கள் இரண்டு பேர் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரும் வாடகை ஜீப்பில் வந்து இறங்கினார். எந்த நாடு என்று சொல்லவில்லை. துரை இயற்கைக் காட்சி பார்க்க வந்திருக்கிறார் என்று டிரைவர் சொன்னான். நெடுவயல்குடியில் இயற்கைக் காட்சி என்று பார்த்தால் கருவைக்காடு ஒன்று உண்டு. துரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மலையாண்டி வழக்கப்படி மூன்று தரம் கேட்டார். "உருண்டை ஒன்னு. உடமைக்காரர் யாராச்சும் உண்டா? உண்டா? உண்டா?"

பாரிஸ்டர் அதை இங்கிலீஷிலும் சொன்னார். துரை வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பருந்து இருந்தது. அதை மிகுந்த அக்கறையோடு கவனித்தார்.

ஏலம் தொடங்கியது. இரும்புக் கடைக்காரர் ஒருவர் முப்பது என்றார். மற்றவர் முப்பத்தைந்து. துரை ஆயிரம் என்றார். பாரிஸ்டர் ஆராய்ச்சிக்காக நாற்பது வரை போகலாம் என்று வந்திருந்தவர், பையை மூடிக்கொண்டார்.

துரை பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, உருண்டையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். காலடியில் கிடந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்குவதுபோல நாலு பேரை வைத்துத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார். மலையாண்டி ரசீது கொடுத்தார். அதில், கேட்பாரற்ற கால்நடையை ஏலத்தில் எடுத்தவர் என்று இருந்தது. துரை அதை மடித்து உள்பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர் நாட்டு ஆவணக்காப்பகம் எதிலாவது அது இன்னும் இருக்கக்கூடும்.

"அந்த ஆயிரத்துல எனக்கு உண்டா, என் பயிருக்கு?" என்று கேட்டாள் செவந்தி. கூட்டத்தின் முன்வரிசையில், மடியில் எதையோ கட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தச் சட்டத்துல இல்லை" என்றார் மலையாண்டி. "பவுண்டிச் செலவு போக மிச்சம் உடமைக்காரருக்கு. மூணு மாசம் வச்சிருப்பேன். வந்து கேட்டா குடுப்பேன்."

துரையின் ஜீப்பைப் பார்த்துப் பாரிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"அடுத்தது" என்றார் மலையாண்டி. "வெள்ளாடு ஒன்னு, காது மடிஞ்சது. உடமைக்காரர் யாராச்சும் உண்டா?"

செவந்தி வானத்தைப் பார்த்தாள்.

"உண்டா?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள், பருந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க ஆடெல்லாம் வீட்டுல நல்லபடியா இருக்கு. இது மாதிரி ஆட்டை நான் பாத்ததே இல்லை."

கூட்டம் ஓவென்று சிரித்தது. மலையாண்டி மூன்றாம் தரம் கேட்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவள் குரலைக் கேட்ட ஆடு, தொழுவத்தின் மூலையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்து, படலுக்கு மேலே இரண்டு முன்கால்களையும் வைத்து, செவந்தியின் மடியில் மூக்கை நுழைத்தது. மடியில் பச்சை மிளகாயும் அகத்திக்கீரையும் இருந்தன.

"சனியனே" என்றாள் செவந்தி. "அந்த உருண்டையோட பதினஞ்சு நாளு இருந்திருக்க. வாயை மூடிக்கிட்டு இருக்கக் கத்துக்கிட்டியா?"

மலையாண்டி புத்தகத்தையும் மைப்புட்டியையும் நகர்த்தினார். செவந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து அபராதத்தைக் கட்டினாள். முதல் பறிப்பு விற்ற காசு. பிறகு உடமைக்காரர் என்ற கட்டத்தில் பெருவிரலை அழுத்தி வைத்தாள். அதற்கு மேலே, உருண்டையின் வரியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"தீனிச் செலவு?" என்று அவளே கேட்டாள்.

மலையாண்டி கணக்கைப் பார்த்தார். பதினைந்து நாளும் உருண்டைக்கு என்று எழுதிவைத்த வைக்கோலைத் தின்றது யார் என்பது அவருக்குத் தெரியும்.

"அது உருண்டை பேர்ல போயிருச்சு" என்றார். "ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போ. நாலு நாள்ல ஒனக்குத் தண்ணி நாளு."